நெகிழ்வான அலுவலகம் யாருக்கு?

போன மாதம் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு பெரிய நிறுவனத்துக்குப் போயிருந்தேன். திருவொற்றியூரில் நாங்கள் நடத்தும் மாலை நேரப் படிப்பு மையத்துக்குப் பழைய கணினிகள் தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். வாங்கப் போன என்னைக் காபி கொடுத்து உட்கார வைத்து, புதிதாக மாற்றி அமைத்த தங்கள் அலுவலகத்தைச் சுற்றிக் காட்டினார் ஒரு தம்பி.

பார்க்கப் பார்க்க ஆச்சரியமாகத்தான் இருந்தது. அங்கே யாருக்கும் தனி இடம் கிடையாது. காலையில் வந்து எந்த மேசை காலியாக இருக்கிறதோ அதில் உட்கார்ந்துகொள்ளலாம். மேலாளருக்கும் அறை இல்லை. நின்றுகொண்டு வேலை செய்ய வேண்டுமா, மேசையை உயர்த்திக்கொள்ளலாம். சத்தமில்லாமல் போன் பேசக் கண்ணாடிக் கூண்டு, களைத்துப் போனால் சாய்ந்துகொள்ள ஒரு அறை, பிள்ளை பெற்று வேலைக்குத் திரும்பிய பெண்களுக்கு ஒரு அறை. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். "இன்றைய பணியாளரின் தேவைகள் மாறிக்கிட்டே இருக்கு மேடம். அதுக்கு ஏத்த மாதிரி அலுவலகமும் நெகிழ்வா இருக்கணும்" என்றார். நல்ல பையன். சொன்னதை உண்மையாகவே நம்பித்தான் சொன்னார்.

கணினிகளை இறக்குவதற்குப் பின்பக்க வழியைக் காட்டினார்கள். அவசரத்துக்கு இறங்கும் படிக்கட்டு. அதன் மூன்றாவது படியில் ஒரு அக்கா உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏன்க்கா இங்க உக்காந்துட்டீங்க? மேல அவ்ளோ பெரிய சாப்பாட்டு ரூம் இருக்கே?"

"அது ஸ்டாப்புக்கும்மா."

"அப்ப நீங்க?"

"நான் ஹவுஸ்கீப்பிங்."

ஊர் எது என்று கேட்டேன். பிறந்தது காசிமேடு பக்கம். குடிசையை எடுத்துவிட்டுக் கண்ணகி நகரில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கிருந்து இந்தக் கட்டடத்துக்கு வேலைக்கு வருகிறார். "ஒம்போது வருஷமா இதே பில்டிங்தான் கண்ணு. யூனிபார்ம்தான் நாலு தபா மாறிப்போச்சு." அவரை அனுப்புகிற ஒப்பந்த நிறுவனம் நான்கு முறை மாறியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அவர் புதிய ஆளாகச் சேர்ந்திருக்கிறார். ஒன்பது வருட அனுபவத்துக்கு எந்தக் காகிதத்திலும் சாட்சி இல்லை.

அந்தக் கட்டடத்திலேயே அதிகமாக நெகிழ்ந்து கொடுப்பவர் அந்த அக்காதான். அவருக்கும் மேசை கிடையாது, தனி இடம் கிடையாது. எந்த மாடியில் அழுக்கோ அந்த மாடிக்குப் போகிறார். எப்போது கூப்பிட்டாலும் வருகிறார், எப்போது வேண்டாம் என்றாலும் போய்விடுவார். நெகிழ்வான அலுவலகத்தை வடிவமைத்தவர்கள் எல்லோருடைய தேவையையும் கேட்டார்களாம். இவரைக் கேட்கவில்லை. காரணம், 'பணியாளர்' என்று அவர்கள் எழுதிய பட்டியலிலேயே இவர் இல்லை.

தோழர்களே, இந்தக் கட்டுரை அந்தப் பட்டியலைப் பற்றியது.

வளைவது யார்?

'நெகிழ்வு' என்ற சொல்லை நாம் எச்சரிக்கையோடு கேட்கப் பழக வேண்டும். 2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தம் ஒன்று நிறைவேறியது. ஒரு நாளைக்கு 12 மணி நேரம்வரை வேலை வாங்க வழி செய்யும் திருத்தம். அதை நியாயப்படுத்தச் சொன்ன வார்த்தை என்ன தெரியுமா? நெகிழ்வான வேலை நேரம். நான்கு நாள் கூடுதலாக வேலை பார்த்தால் மூன்று நாள் ஓய்வு கிடைக்குமாம். ஆளும் கூட்டணியில் இருந்த விடுதலைச் சிறுத்தைகள், இடதுசாரிகள் உள்ளிட்ட கட்சிகளே எதிர்த்து வெளிநடப்பு செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தன. மூன்றே நாளில் நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார்.

அதே சென்னையில்தான் 1923-ஆம் ஆண்டு மே 1 அன்று சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். சரியாக நூறு வருடம் கழித்து, எட்டு மணி நேரத்தைக் காப்பாற்ற மறுபடியும் சத்தம் போட வேண்டியிருந்தது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வரம்பைக் கொண்டுவந்த 1946-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின்னால் இருந்தவர், அப்போது வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்த பாபாசாகேப் அம்பேத்கர். அதை 'நெகிழ்த்த' வேண்டும் என்று சொல்பவர்கள் யாருடைய உழைப்பில் கை வைக்கிறார்கள் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அலுவலக வடிவமைப்பின் கதையும் இப்படித்தான். 1960-களில் அமெரிக்காவில் ராபர்ட் ப்ராப்ஸ்ட் என்பவர் ஹெர்மன் மில்லர் என்ற அறைகலன் நிறுவனத்துக்காக 'ஆக்‌ஷன் ஆபீஸ்' என்று ஒன்றை வடிவமைத்தார். ஊழியர் எழுந்து நடக்கலாம், நிற்கலாம், தன் வேலைக்கு ஏற்றபடி தடுப்புகளை நகர்த்திக்கொள்ளலாம் என்பது அவர் கனவு. முதலாளிகள் அந்தத் தடுப்புகளை வாங்கினார்கள். வாங்கி, அதே தரையில் இன்னும் நிறைய ஆட்களை அடைப்பதற்குப் பயன்படுத்தினார்கள். இன்று 'க்யூபிக்கிள்' என்று எல்லோரும் அலுத்துக்கொள்ளும் பெட்டி அப்படித்தான் பிறந்தது. தன் கனவு இப்படி ஆனதே என்று ப்ராப்ஸ்டே பிற்காலத்தில் நொந்துகொண்டார். நெகிழ்வு என்பது யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஊழியர் கையில் இருந்தால் அது சுதந்திரம். முதலாளி கையில் இருந்தால் வாடகையும் கூலியும் மிச்சம்.

ராயபுரத்தின் நவீனப் பணியாளர்

'நவீனப் பணியாளர்' என்றதும் நம் மனதில் என்ன படம் வருகிறது? மடிக்கணினி, காதில் ஒலிவாங்கி, கையில் காபிக் கோப்பை. இந்தப் படத்தை யார் நம் தலைக்குள் வரைந்தார்கள்?

அதிகாலை ராயபுரத்தில் வந்து பாருங்கள். தூய்மைப் பணியாளர் ஒருவர் வேலைக்கு வருகிறார். அவர் முகத்தைப் படமெடுத்து வருகை பதிவாகிறது. மின்கலத்தில் ஓடும் வண்டியை ஓட்டுகிறார். சம்பளம் ஒப்பந்தக் கணக்கு வழியாக வருகிறது. மேற்பார்வையாளரின் கட்டளைகள் வாட்ஸ்அப்பில் வருகின்றன. தொழில்நுட்பம், ஒப்பந்தம், கண்காணிப்பு என்று சமூகவியல் வகுப்பில் நவீன உழைப்புக்கு எந்த அடையாளங்களைப் படித்தேனோ அத்தனையும் அவரிடம் இருக்கிறது. ஆனால் அவருக்குப் புடவை மாற்ற ஒரு அறை இல்லை.

எனக்குத் தெரிந்த ஒரு அக்காவிடம் கேட்டேன். "எங்கம்மா மாத்தறது? ரெண்டு வண்டிய கிட்ட கிட்ட நிறுத்திட்டு நடுவுல நின்னுகினுதான். ஒருத்தி துணிய புடிச்சிக்குவா." கழிப்பறை? தெரிந்த வீட்டில் கேட்பார்களாம். கொடுப்பவர்கள் கொடுப்பார்கள். முகத்தைச் சுளிப்பவர்களும் உண்டு. அதனால் வேலை முடியும்வரை தண்ணீர் குடிப்பதில்லை. மாதவிடாய் நாட்களில் என்ன செய்கிறார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. படிக்கிற தங்கைகள் ஒரு நிமிடம் யோசித்துப் பார்த்தால் போதும்.

2025 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய 5-ஆம், 6-ஆம் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்பு உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் நம் மக்கள். வருடக்கணக்காக மாநகராட்சிக்காக உழைத்தவர்களைத் தனியார் நிறுவனத்தின் கையில் கொடுக்கும் முடிவை எதிர்த்தார்கள். பணி நிரந்தரம் கேட்டார்கள். தனியாருக்குப் போனால் கையில் வாங்கும் சம்பளம் ஆயிரக்கணக்கில் குறையும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார்கள். மழையிலும் வெயிலிலும் 13 நாள். அனுமதியில்லாத இடத்தில் போராடுபவர்களை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறை அவர்களை இழுத்துப்போய்ப் பேருந்துகளில் ஏற்றியது. மறுநாள் அமைச்சரவை கூடி, காலை உணவு, காப்பீடு என்று நலத்திட்டங்களை அறிவித்தது. அவர்கள் கேட்ட நிரந்தரம் அந்தப் பட்டியலில் இல்லை.

அந்தப் பதிமூன்று நாளும் நான் கவனித்தது ஒன்று. ரிப்பன் மாளிகைதான் அந்தப் பணியாளர்களின் தலைமை அலுவலகம். வருடக்கணக்கில் உழைத்தவர்கள் தங்கள் சொந்த அலுவலகத்தின் வாசலில் உட்கார்ந்தார்கள், அது சட்டவிரோதம் ஆனது. நடைபாதையைக் கூட்டும்போது அந்த இடம் அவர்களுடைய பணியிடம், அதே நடைபாதையில் உட்கார்ந்தால் ஆக்கிரமிப்பு.

சட்டம் 1948-இலேயே யோசித்தது

அலுவலக வடிவமைப்பு என்பது ஏதோ புதிய கண்டுபிடிப்பு போலப் பேசுகிறார்கள். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் ஐந்தாம் அத்தியாயத்தை எடுத்துப் படியுங்கள். 42-ஆம் பிரிவு, கை கால் கழுவ வசதி. 43, உடைகளை வைக்கவும் ஈரத்துணியை உலர்த்தவும் இடம். 44, நின்று வேலை செய்பவர்கள் உட்கார ஏற்பாடு. 46, 250 பேருக்கு மேல் இருந்தால் உணவகம். 47, 150 பேருக்கு மேல் இருந்தால் ஓய்வறையும் சாப்பிடும் இடமும். 48, பெண்கள் 30 பேருக்கு மேல் இருந்தால் பிள்ளைகளுக்குக் காப்பகம்.

ஈரத்துணியை எங்கே காயப்போடுவார்கள் என்றுகூட அன்றைய சட்டம் யோசித்திருக்கிறது. அசோக் லேலண்டும் எம்.ஆர்.எஃப்.-பும் என்ஃபீல்டும் விம்கோவும் இருந்த எண்ணூர், திருவொற்றியூர் பகுதியில் நம் தாத்தாக்களில் சிலருக்கு இது ஓரளவு கிடைத்தது. ஆலை உணவகத்தில் எல்லோருடனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டதைப் பற்றி என் பெரியப்பா இன்றும் பெருமையாகச் சொல்வார். ஊரில் டீக்கடையில் தனி டம்ளர் பார்த்து வளர்ந்தவருக்கு அந்த பெஞ்சு சாதாரண பெஞ்சு இல்லை.

ஆனால் தெரு தொழிற்சாலை ஆகாது, பாதாளச் சாக்கடையும் ஆகாது. அதனால் அங்கே வேலை செய்பவர்களுக்கு இந்தச் சுவர்களில் ஒன்றுகூட எழவில்லை. நகரத்தின் எந்த வேலையில் நம் மக்கள் அதிகமாக இருக்கிறார்களோ, சரியாக அந்த வேலைக்குத்தான் 'பணியிடம்' என்ற சொல்லே பொருந்தாமல் போகிறது. இது தற்செயலா? இப்போது பழைய சட்டங்கள் பலவற்றின் இடத்தில் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை 2025 நவம்பர் 21 முதல் ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் வேலை என்பது அதில் சட்டபூர்வமான முறை. ஒன்பது வருடத்தில் நான்கு சீருடை மாற்றிய அக்காவின் நிலைமை இனி இன்னும் பலருக்கு வரும்.

உட்காருவது என்பதே ஒரு போராட்டம் என்பதற்கு இன்னொரு சாட்சி. ரங்கநாதன் தெருவிலும் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலும் துணிக்கடைகளில் நிற்கிற நம் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். காலை முதல் இரவு வரை நின்றுகொண்டே இருப்பார்கள். கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் வருடக்கணக்கில் போராடி, 2018-இல் கேரளத்தில் உட்காரும் உரிமைக்குச் சட்டம் வந்தது. 2021-இல் தமிழ்நாடும் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்றது. ஒரு ஸ்டூலுக்குச் சட்டமன்றம்வரை போக வேண்டியிருந்தது. அந்த ஸ்டூல் உங்கள் தெருக் கடையில் வந்துவிட்டதா, அதில் அவர்களை உட்கார விடுகிறார்களா என்று போய்ப் பாருங்கள்.

பரோடாவில் ஒரு நாற்காலி

"எல்லாவற்றிலும் சாதியைக் கொண்டுவருகிறீர்கள். அலுவலகத்துக்கு ஏது சாதி?" என்று கேட்பவர்கள் உண்டு. நம் பக்கத்திலேயே உண்டு.

1917-ஆம் ஆண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் லண்டனிலும் படித்துவிட்டு, பரோடா சமஸ்தானத்தில் அதிகாரியாகச் சேருகிறார் அம்பேத்கர். அவருக்கு அலுவலகம் இருந்தது, பதவி இருந்தது. கடைநிலை ஊழியர்கள் கோப்புகளைக் கையில் தராமல் தூரத்திலிருந்து அவர் மேசையில் வீசினார்கள். அலுவலகத்தில் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. நகரத்தில் தங்க இடம் கிடைக்காமல், பார்சி விடுதியில் பார்சிப் பெயரோடு தங்கினார். பதினோராம் நாள் காலை கம்புகளோடு வந்து வெளியேற்றினார்கள். படிப்பும் பதவியும் இருந்தும், அந்த நகரத்தில் அவருக்கென்று ஒரு பத்திரமான அறை இல்லை.

இன்று யாரும் கோப்பை வீசுவதில்லை. கோப்பே இல்லை, எல்லாம் கணினியில். ஆனால் துடைப்பவர் எந்த லிஃப்டில் ஏற வேண்டும், எந்தக் கழிப்பறைக்குப் போக வேண்டும், எந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்க வேண்டும் என்பதெல்லாம் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எங்கும் பலகை வைக்கவில்லை. படிக்கட்டில் சாப்பிடும் அக்காவை யாரும் 'மேலே வராதே' என்று திட்டியிருக்க மாட்டார்கள். அது ஸ்டாப்புக்கு என்று அவரே சொல்லிவிடுகிறார். பலகை இல்லாமலே வேலை நடக்கிறது என்றால், அது அவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்று பொருள். கட்டட வரைபடத்தில் அவருக்கு ஒரு நாற்காலி வரையாத கட்டடக் கலைஞர் தீண்டாமையைக் கடைப்பிடிப்பவராக இல்லாமல் இருக்கலாம். தீண்டாமை அவருக்காக வரைந்து முடித்துவிட்டது.

வீட்டிலிருந்தே வேலை, யார் வீட்டில்?

நெகிழ்வான அலுவலகத்தின் இன்னொரு பாதி, வீட்டிலிருந்தே வேலை. அதற்கு முதலில் வீடு வேண்டும். வடசென்னையின் பழைய வாரியக் குடியிருப்புகளில் ஒரு வீடு என்றால் சமையல், படுக்கை, படிப்பு எல்லாமே இருநூறு சொச்சம் சதுர அடிக்குள். கொரோனா காலத்தில் இணையவழி வகுப்புக்காக மாடிப்படியிலும் மொட்டை மாடியிலும் உட்கார்ந்த பிள்ளைகள் இன்று கல்லூரிக்கு வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நம் பெண்களுக்கு வீட்டிலிருந்து வேலை என்பது புதிதும் இல்லை. துணிக்கு பட்டன் வைப்பது, ஓரம் அடிப்பது, நூல் வெட்டுவது என்று பீஸ் கணக்கில் தண்டையார்பேட்டை வீடுகளில் காலம்காலமாக நடக்கிறது. மின்சாரம் அவர்களுடையது, தையல் மிஷின் அவர்களுடையது, வாடகையும் அவர்களுடையது. முதலாளிக்கு ஆலைச் செலவு மிச்சம். இதை நெகிழ்வான பணியிடம் என்று யாரும் கட்டுரை எழுதிப் புகழ்ந்ததில்லை. அதே ஏற்பாடு பெரிய சம்பளக்காரர்களிடம் வந்தபோதுதான் அது நவீனம் ஆனது.

எண்ணூரில் வீடே பத்திரம் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு ஊருக்குள் வந்து சுவரில் படிந்தது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் அம்மோனியா நெடியில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதற்கு முன்பு, சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாள்வதை 2011-இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு நிறுத்தியது. ராயபுரத்துக்கு அது நிம்மதிதான். ஆனால் நிலக்கரிச் சரக்கு எண்ணூருக்குப் போனது. இந்த நகரத்தில் தூசுக்கு மட்டும் நெகிழ்வான முகவரி உண்டு, அது எப்போதும் வடக்கு நோக்கியே நகரும்.

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்காக வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளைப் பாருங்கள். ஓட்டுநரின் கேபின்தான் அலுவலகம், அதுவே சமையலறை, அதுவே படுக்கை. வரிசை நீளும்போது நாள்கணக்கில் அங்கேயே. இடம்மாறும் பணியிடம் என்பதற்கு இதைவிடச் சரியான உதாரணம் எந்த நிறுவனத்திலும் கிடையாது. கழிப்பறை இல்லாததால் அதை யாரும் உதாரணமாகக் காட்டுவதில்லை.

எதையுமே ஏற்க மாட்டீர்களா?

நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன்.

2024 நவம்பரில் கொளத்தூரில் 'முதல்வர் படைப்பகம்' திறந்தார்கள். அரசே கட்டிய பகிர்ந்த பணியிடமும் படிப்பகமும். படிக்க வரும் பிள்ளைகளுக்குக் கட்டணம் ஐந்து, பத்து ரூபாய் அளவுதான். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் என் தோழி மகள் அங்கே போய்விட்டு வந்து, "வீட்ல டிவி சத்தத்துல படிக்கவே முடியாதுக்கா, இங்க ஏசி, நெட், எல்லாம் இருக்கு" என்றாள். நூறு சதவீதம் வரவேற்கிறேன். 4,181 கோடி ரூபாய் என்று 2024 மார்ச்சில் தொடங்கிவைத்த வடசென்னை வளர்ச்சித் திட்டத்தின் பணம் மேம்பாலத்துக்கு மட்டும் போகாமல் இப்படி நாற்காலிகளாகவும் வரட்டும். எர்ணாவூர், எண்ணூர், காசிமேடு வரைக்கும் வரட்டும்.

2025 ஜூனில் மாநகராட்சி அண்ணா நகரில் உணவு விநியோகம் போன்ற வேலை செய்பவர்களுக்குக் குளிரூட்டப்பட்ட ஓய்வறை திறந்தது. அதையும் வரவேற்கிறேன். வெயிலில் வண்டி ஓட்டும் தம்பிகளுக்கு அது தேவை.

இந்த இரண்டும் எனக்கு ஒன்றை நிரூபிக்கின்றன. தெருவில் வேலை செய்பவருக்கும் அலுவலகம் கட்ட முடியும். இடம் இருக்கிறது, பணம் இருக்கிறது, மனமும் சில நேரம் இருக்கிறது. அப்படியானால் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. நேற்று வந்த செயலியின் பணியாளருக்கு இந்த நகரத்தில் ஓய்வறை யோசிக்க முடிந்தது. நூறு வருடத்துக்கு மேலாக இந்த நகரத்தின் மலத்தையும் குப்பையையும் அள்ளுபவருக்கு ஏன் அது முதலில் தோன்றவில்லை?

தொழிற்சங்கத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது இதே வடசென்னையில், பெரம்பூர் ஆலைத் தொழிலாளர்களிடையே. 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள், புளியந்தோப்பில் அவர்கள் குடிசைகள் எரிந்தன. கருங்காலிகள் என்று அவர்களை ஏசியவர்கள், சேரித் தொழிலாளியின் அச்சம் என்ன, அவன் வீட்டு அடுப்பின் நிலைமை என்ன என்று கேட்கவில்லை. பிரித்தது நிர்வாகம், ஆனால் பிரிப்பதற்கு வசதியாக ஊரும் சேரியும் ஏற்கெனவே பிரிந்து கிடந்தன. இன்று ஒப்பந்தமுறை அதே பிளவைச் சீருடை நிறத்தில் செய்கிறது. அலுவலகத்தின் ஊழியர் சங்கம், துடைப்பவரைத் தன் உறுப்பினராக எண்ணாதவரை அது பாதிச் சங்கம்தான்.

நாம் கேட்க வேண்டியவை

ஒன்று, ஒவ்வொரு வார்டிலும் தெருவில் உழைப்பவர்களுக்கு ஒரு பணியகம். பூட்டு உள்ள கதவு, பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, குளிக்கத் தண்ணீர், உடை மாற்றவும் உலர்த்தவும் இடம், பை வைக்கப் பெட்டி, சாப்பிட பெஞ்சு, கைப்பேசிக்கு மின்சாரம். தூய்மைப் பணியாளர், விநியோகத் தம்பி, லாரி ஓட்டுநர், பூ விற்கும் அம்மா எல்லோருக்கும் அதே கதவு, அதே பெஞ்சு. தனித்தனி அறை கட்டினால் அது இன்னொரு தனி டம்ளர்.

இரண்டு, அதை எங்கே கட்டுவது, எப்படிக் கட்டுவது என்று அவர்களிடம் கேட்டுக் கட்ட வேண்டும். அறையில் முதலில் என்ன வேண்டும் என்று நான் அக்காவிடம் கேட்டபோது, அவர் சொன்னது கழிப்பறைகூட இல்லை. "உள்பக்கம் தாப்பா வெக்கணும் கண்ணு" என்றார். இதை எந்த வடிவமைப்பாளரும் யோசித்திருக்க மாட்டார்.

மூன்று, ஒரு கட்டடத்துக்குள் வேலை செய்யும் எல்லோரும் அந்தக் கட்டடத்தின் பணியாளர்கள். எந்த ஒப்பந்த நிறுவனத்தின் பெயர் சட்டையில் இருந்தாலும், உணவறையும் லிஃப்டும் கழிப்பறையும் பொது. அரசு அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் இதை முதலில் தொடங்கட்டும்.

நான்கு, பணி நிரந்தரம். இதை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் கொடுத்தால், அது காலை உணவைக் கொடுத்து வேலையைப் பறித்த கதைதான். இன்று கட்டும் அறையில் நாளை யார் உட்காருவார்கள் என்று அந்த அக்காவுக்கே தெரியாவிட்டால், அந்த அறை அவருடையது இல்லை. இதில் ஒரு சிக்கலையும் மறைக்காமல் சொல்கிறேன். நல்ல அறையும் நல்ல சம்பளமும் வந்துவிட்டால், நம் பிள்ளைகள் அந்த வேலையிலேயே இருந்துவிட வேண்டும் என்று பொருள் ஆகாது. இன்று அந்த வேலையில் இருப்பவர்களுக்கு மரியாதை, நாளை நம் பிள்ளைகளுக்கு அதிலிருந்து விடுதலை. இரண்டையும் சேர்த்தே கேட்போம்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. பெரிய வேலை இல்லை. நாளை கல்லூரிக்குப் போனதும், உங்கள் வகுப்பறையைக் கூட்டுபவர் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று கண்டுபிடியுங்கள். எந்தக் கழிப்பறைக்குப் போகிறார், எந்தக் குழாயில் தண்ணீர் குடிக்கிறார், எத்தனை வருடமாக வேலை செய்கிறார், எத்தனை சீருடை மாற்றினார் என்று கேளுங்கள். அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெயரையோ படத்தையோ எங்கும் போடாதீர்கள், அவர் வேலைக்கு ஆபத்து. கணக்கை மட்டும் எடுங்கள். பத்துக் கல்லூரியின் கணக்கு சேர்ந்தால் அது ஒரு மனு ஆகும். மனுவை மதிக்காவிட்டால் என்ன செய்வது என்று ரிப்பன் மாளிகை முன்னால் உட்கார்ந்த நம் அக்காக்கள் ஏற்கெனவே காட்டியிருக்கிறார்கள்.

அந்தக் கணினிகள் எங்கள் மையத்துக்கு வந்துவிட்டன. நன்றிக் கடிதம் எழுத வேண்டியிருந்தது, எழுதினேன். கடைசிப் பத்தியில், மேல்மாடி உணவறையை உங்கள் துப்புரவுப் பணியாளர்களுக்கும் திறந்துவிடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. வரும்வரை மாதம் ஒரு கடிதம் போட்டுக்கொண்டே இருப்பேன்.

ஜெய் பீம்.